இறந்த தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

என் கணவர் 2022 அக்டோபர் முதல் வாரத்தில், கோலாலம்பூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் இரவு, தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 44. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு அன்று 14, இளையவளுக்கு 10. எப்படி நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை, அது யாருக்கும் பயன்படாது. அதற்குப் பிறகு அந்த மருத்துவமனைமீதும் மருத்துவர்மீதும் வழக்குத் தொடுத்த மூன்றாண்டுக் கதையை மட்டுமே எழுதுகிறேன். இப்படியொரு வழக்கைப் பற்றித் தமிழில் சொல்லித்தர எனக்கு யாரும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஏறத்தாழ ஓராண்டையும் பல ஆயிரம் வெள்ளியையும் (ரிங்கிட்) மிச்சப்படுத்தியிருப்பேன்.

கதை 2018இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அவர் முதல் தடவை முயன்றார், பிழைத்துக்கொண்டார். செந்தூலில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் தவறுதலாக நடந்த விபத்து என்று சொன்னோம். சொன்னது நான்தான். அந்தக் காலத்தில் தற்கொலைக்கு முயல்வதே குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். அந்தப் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. போலீஸ் வருமோ, வேலை போய்விடுமோ, ஊரில் ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ (அது மனநல மருத்துவமனை உள்ள ஊர்) என்று பிள்ளைகளின் காதுபடப் பேசுவார்களோ என்று பயந்து, மாமியாரும் நானும் சேர்ந்து அதை மூடி மறைத்தோம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் இறுதியில் அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது தாதி படிவத்தை வைத்துக்கொண்டு, இதற்கு முன் இப்படி முயன்றதுண்டா என்று கேட்டார். பக்கத்தில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் “இல்லை” என்றேன்.

அந்த ஒரு சொல் பிறகு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. மனநல மருத்துவரிடம் மறைத்தால் மானம் காப்பாற்றப்படும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: சொல்லிவிடுங்கள், அவர் எதிரில் சொல்ல வாய் வராவிட்டால் வெளியே வந்து மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், சொன்னதை ஒரு தாளிலோ வாட்ஸ்அப்பிலோ தேதியோடு எழுதியும் கொடுங்கள். இன்று அந்தச் சட்டமே இல்லை, ஆகவே பயப்பட எதுவும் இல்லை.

அவர் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். சொந்த விருப்பத்தின்பேரில் சேர்ந்த நோயாளி என்பதால் கட்டாயமாக வைத்திருக்கும் நடைமுறை எதையும் அவர்கள் கையாளவில்லை. நான்காம் நாள் மாலை கொழுந்தனார் மகன் பார்க்க வந்தபோது, தாம் பதினைந்து ஆண்டுகளாகக் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்து, “இனிமேல் எனக்கு இது தேவைப்படாது” என்றிருக்கிறார். பையன் வீட்டுக்குப் போய்த் தன் தாயிடம் சொல்ல, அவர் என்னை அழைக்க, நான் இரவு ஒன்பது மணிக்கு மேல் வார்டுக்குத் திரும்பிப் போய்ப் பணியிலிருந்த தாதியிடம் சொன்னேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். மறுநாள் மருத்துவர் வந்தார், போனார். ஆறாம் நாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்ற அட்டையும் மருந்தும் கொடுத்தார்கள். என்ன கவனிக்க வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் நடுராத்திரியானாலும் திரும்பி வர வேண்டும் என்று எவரும் உட்கார வைத்துப் பேசவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த முதல் சில நாள்களும் வாரங்களும்தான் மிக ஆபத்தானவை என்பது மனநல மருத்துவத்தில் நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. எனக்கோ அவர் சிரித்துப் பேசியதைப் பார்த்ததும் குணமாகிவிட்டார் என்றே பட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எனக்கு எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு வந்தது துக்கத்தைவிடக் கோபம். நடுவில் நானே சரியாக இல்லாத இரவுகளும் இருந்தன; அவற்றில் இரண்டு இரவுகள் மனம் தளர்ந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணை அழைத்துப் பேசினேன். எந்த நேரத்திலும் எடுக்கிறார்கள், பெயர் கேட்பதில்லை. இதைப் படிக்கும்போது அந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கைப் பற்றிய மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் அந்த எண்ணை அழையுங்கள்.

போலீஸ் இதைத் திடீர் மரணம் என்று பதிவு செய்தது. பிரேதப் பரிசோதனை நடந்தது. விசாரணைக்காக அவருடைய கைப்பேசியை எடுத்துச் சென்றார்கள், திரும்பக் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அதில்தான் மருத்துவமனையின் சந்திப்புக் குறுஞ்செய்திகளும் அவர் நண்பர்களுக்கு எழுதியவையும் இருந்தன. கைப்பேசியைக் கொடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், விசாரணை அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு நெருங்கிய உறவினர் என்ற முறையில் எழுத்தில் விண்ணப்பியுங்கள்; அந்தப் புகார் எண் இல்லாமல் எந்தக் கவுண்டரிலும் வேலை நடப்பதில்லை.

முதல் பெரிய தவறை நவம்பரில் செய்தேன். மருத்துவமனையின் பதிவுப் பிரிவுக்குப் போய் மருத்துவ அறிக்கை வேண்டும் என்று கேட்டேன். 200 வெள்ளி கட்டணம், ஆறு வாரக் காத்திருப்பு. கைக்கு வந்ததோ இரண்டு பக்கக் கடிதம், அதுவும் அதே மருத்துவர் சம்பவத்துக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது. அதில் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. மருத்துவ அறிக்கை வேறு, மருத்துவப் பதிவுகள் வேறு என்று எனக்கு அப்போது தெரியாது. அறிக்கை என்பது பின்னால் எழுதப்படும் சுருக்கம். பதிவுகள் என்பவை அந்தந்த நேரத்தில் கையால் எழுதப்பட்டவை: சேர்க்கைப் படிவம், மருத்துவரின் தினக்குறிப்பு, தாதியர் குறிப்பு, மருந்துத் தாள், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை நோயாளியைப் பார்த்தார்கள் என்ற கண்காணிப்புத் தாள், வீட்டுக்கு அனுப்பும் சுருக்கக் குறிப்பு. கேட்பதானால் இவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், ‘முழுப் பதிவுகளின் நகல்’ என்று எழுதுங்கள், கடிதம் கிடைத்ததற்கு முத்திரை வாங்குங்கள். தராமல் இழுத்தடித்தால், வழக்குத் தொடுப்பதற்கு முன்பே ஆவணங்களைக் காட்டச் சொல்லும் உத்தரவைக் கேட்க 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 24ஆம் கட்டளையின் 7ஏ விதி இடம் தருகிறது. எனக்கு அந்த விதியைக் குறிப்பிட்டு வழக்கறிஞர் எழுதிய கடிதமே போதுமானதாக இருந்தது, ஆனால் அந்தக் கடிதம் போகவே ஓராண்டு ஆகிவிட்டது.

ஏன் ஓராண்டு என்றால், அது என் இரண்டாம் தவறு. 2023 ஜனவரியில் பிரிக்பீல்ட்ஸில் உறவினர் ஒருவர் காட்டிய வழக்கறிஞரிடம் போனேன். நல்ல மனிதர், என்னோடு சேர்ந்து கண் கலங்கினார். 5,000 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பழக்கம் வீடு விற்பனை ஒப்பந்தமும் சாலை விபத்து இழப்பீடும். ஏழு மாதத்தில் மருத்துவமனைக்கு ஒரே ஒரு கடிதம் போயிருந்தது. “அவசரமில்லை அம்மா, ஆறு வருஷம் இருக்கிறது” என்று அவர் சொன்னதைத்தான் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

காலக்கெடுவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் மற்ற எதுவும் மிஞ்சாது. கவனக்குறைவுக்கான வழக்குக்கு 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின்படி 6 ஆண்டு என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்த மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காகத் தொடுக்கும் வழக்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு இறந்த தேதியிலிருந்து 3 ஆண்டுதான். எங்களைப் போன்ற குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய தொகையில் பெரும்பகுதி அந்த 7ஆம் பிரிவில்தான் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையாக இருந்தால் அரசு அதிகாரிகளைப் பாதுகாக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதற்கும் 36 மாதமே. துக்கத்தில் ஓராண்டு, உறவினர் சமாதானத்தில் ஓராண்டு என்று போனால், வழக்கறிஞரைத் தேடத் தொடங்கும்போதே கதவு பாதி மூடியிருக்கும். அந்தப் பட்டியலில் உடன்பிறந்தோர் இல்லை என்பதையும் கவனியுங்கள். அண்ணன் தம்பியை இழந்தவர் எவ்வளவு செலவழித்து வளர்த்திருந்தாலும் இந்தப் பிரிவில் அவருக்கு இடமில்லை.

2023 செப்டம்பரில் இரண்டாம் வழக்கறிஞரிடம் போனேன். மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை மட்டுமே எடுக்கும் ஒரு பெண்மணி. முதல் சந்திப்பில் அவர் என் கதையைக் கேட்கவில்லை. இறந்த தேதியைக் கேட்டார், எல்.ஏ. (சொத்து நிர்வாகப் பத்திரம்) எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார், ஊதியச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். அப்போது கல்நெஞ்சக்காரி என்று தோன்றியது. புதிய வழக்கறிஞரைத் தேடுகிறவர்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மருத்துவ வழக்கில் விசாரணை முடியும்வரை எத்தனை நடத்தியிருக்கிறீர்கள்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஜெயித்தால் பங்கு, தோற்றால் கட்டணமில்லை என்ற ஏற்பாட்டுக்கு நம் நாட்டில் வழக்கறிஞர் தொழில் சட்டம் இடமளிப்பதில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு மருத்துவமனை வாசலில் நிற்கிற தரகரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் சொத்து நிர்வாகப் பத்திரம் இல்லாமல், இறந்தவரின் சொத்துக்குரிய கோரிக்கையைத் தொடுக்க முடியாது. என் கணவர் உயில் எழுதவில்லை. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தின்படி மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு என்று பிரியும். ஆகவே மாமியாரின் சம்மதக் கையெழுத்து தேவைப்பட்டது. அவர் கிள்ளானில் இளைய மகனோடு இருந்தார். காரியம் முடிந்த நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. மகனைக் கவனிக்கத் தெரியாதவள் என்பது அவருடைய தீர்ப்பு. மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “அத்தை, 2018இல் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் மறைத்தோம்” என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் கேட்டார். பத்திரம் டிசம்பரில் கைக்கு வந்தது. செலவு 3,800 வெள்ளி.

பதிவுகள் 2024 ஏப்ரலில் வந்தன. 212 பக்கம், வரிசை கலைந்த ஒளிநகல்கள். அவற்றை நானே இரவில் தரையில் பரப்பி, தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டேன். வழக்கறிஞர் செய்திருந்தால் மணிக்கணக்கில் கட்டணம் ஆகியிருக்கும். இந்த வேலையை நீங்களே செய்யுங்கள், உங்கள் கண்ணுக்குப் படுவது மற்றவர் கண்ணுக்குப் படாது. சேர்க்கைப் படிவத்தில் ‘முன்பு முயற்சி: இல்லை, மனைவி கூறியது’ என்று என் பொய் நீல மையில் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்த இரவு வேறு எதையும் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தாதியர் குறிப்புகளுக்கு வந்தேன். நான்காம் நாள், இரவு 9.40: நோயாளி கைக்கடிகாரத்தை உறவுக்காரப் பையனிடம் கொடுத்ததாகவும், இனித் தேவைப்படாது என்று சொன்னதாகவும் மனைவி தெரிவித்தார். அதற்கு நேரே, மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்ற கட்டம். அந்தக் கட்டத்துக்கு மேலும் கீழும் எல்லா வரிகளிலும் சுருக்கக் கையொப்பம் இருந்தது. அந்த ஒரு வரியில் மட்டும் வெறுமை. மறுநாள் காலை மருத்துவரின் குறிப்பு: தூங்கினார், சாப்பிட்டார், வீட்டுக்கு அனுப்பத் திட்டமிடலாம்.

எனக்கு அதுவே வழக்கு முடிந்துவிட்டது போல இருந்தது. வழக்கறிஞர் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எனக்குப் பாடம் நடத்தினார். நீதிமன்றம் முதலில் கேட்கும் கேள்வி, அவர் இறந்ததற்கு மருத்துவர் காரணமா என்பதல்ல. அதே துறையைச் சேர்ந்த தகுதியுள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் இதைச் சரியான நடைமுறை என்று ஏற்பார்களா என்பதுதான். இதற்குப் போலம் சோதனை என்று பெயர். 1957இல் இங்கிலாந்தில் பிறந்த அந்தச் சோதனை ஒரு மனநல மருத்துவமனை வழக்கிலிருந்தே வந்தது. மின்னதிர்ச்சிச் சிகிச்சையின்போது தசைத் தளர்வு மருந்து கொடுக்கப்படாமல் எலும்பு முறிந்த ஒரு நோயாளி தொடுத்த வழக்கு அது, அவர் தோற்றார். நம் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் ஃபூ ஃபியோ நா வழக்கில், ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வதைப் பொறுத்தவரை மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று சொன்னது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் போலம் சோதனையே நிற்கும் என்பதை 2017இல் மீண்டும் உறுதி செய்தது. ஆகவே வீட்டுக்கு அனுப்பிய முடிவு தவறு என்று வாதிடுவது மலையேறுவது போல. தற்கொலையை எந்த மருத்துவராலும் உறுதியாகக் கணிக்க முடியாது. இறந்தவர்களில் பலர் ஆபத்து குறைவு என்று குறிக்கப்பட்டவர்கள், அதிகம் என்று குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள். “கணித்தது தவறு என்று நாம் சொல்லப்போவதில்லை, கணிக்கவே இல்லை என்று சொல்லப்போகிறோம்” என்றார். ஒரு முடிவுக்கு முன் தெரிய வேண்டிய தகவல் மருத்துவரை எட்டவில்லை என்பது கருத்து வேறுபாடு அல்ல, நடைமுறைக் கோளாறு. அந்த வெறுமையான கட்டத்தின் மதிப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு நிபுணர் சாட்சி. மனநல மருத்துவர்கள் சிறிய வட்டம். ஒருவரை எதிர்த்து ஒருவர் எழுதித் தர முன்வருவதில்லை. கோலாலம்பூரில் ஒருவர் பதிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் 3,500 வெள்ளி வாங்கினார், தம் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. “நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன்” என்றார் அவர். அன்று மனம் உடைந்து போனேன், ஆனால் செலவழித்ததிலேயே பயனுள்ள பணம் அதுதான், ஏனென்றால் அவரும், கடிகாரச் செய்தி தெரிந்திருந்தால் இன்னொரு தடவை உட்கார்ந்து பேசியிருப்பேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். வெளிநாட்டில் ஓய்வுபெற்ற மனநலப் பேராசிரியர் ஒருவர் முறையான அறிக்கை எழுதினார்; 18,000 வெள்ளி. என் நகைகளில் பாதி அதற்குப் போனது.

பணக் கணக்கை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நியாயத்துக்கு விலையில்லை என்று பேசுகிறவர்கள் வழக்குச் செலவைப் பார்க்காதவர்கள். 7ஆம் பிரிவின்படி இழந்த ஆதரவைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. இறந்தவர் 30 வயதுக்கு உட்பட்டவரானால் 16 ஆண்டு. 31 முதல் 59 வயதுக்குள் இருந்தால் 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். அவருக்கு 44, ஆகவே 8 ஆண்டு. ஷா ஆலம் கிடங்கொன்றில் மேற்பார்வையாளராக அவர் வாங்கிய சம்பளம் மாதம் 4,800 வெள்ளி. அவருடைய சொந்தச் செலவு 2,200 என்று கழித்தால் குடும்பத்துக்கு வந்தது 2,600. பெருக்கினால் 249,600 வெள்ளி. கணவனை இழந்த துயரத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் தொகை 30,000. 2019 செப்டம்பருக்கு முன் அது 10,000ஆக இருந்தது. இறுதிச் சடங்குச் செலவைச் சேர்த்தாலும் மூன்று லட்சத்தை எட்டவில்லை. முழு விசாரணைக்கு என் வழக்கறிஞர் கொடுத்த மதிப்பீடு ஒரு லட்சத்து இருபதாயிரம், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவிலும் ஒரு பகுதி என் தலையில். இங்கிலாந்தில் மனநலப் பிரிவிலிருந்து இரண்டு நாள் வீட்டு விடுப்பில் அனுப்பப்பட்டு 2005இல் இறந்த 24 வயதுப் பெண்ணின் பெற்றோர் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை போய், 2012இல் பெரிய சட்ட வெற்றி பெற்றார்கள். பெற்றோருக்குக் கிடைத்தது ஆளுக்கு 5,000 பவுண்டு. ஏழு ஆண்டுகள். அதைக் கேட்ட பிறகுதான் எதற்காக வழக்குப் போடுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

2025 மார்ச்சில், கெடு முடிய ஏழு மாதம் இருக்கும்போது, வழக்கைப் பதிவு செய்தோம். கோரும் தொகை பத்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் ஜாலான் டூத்தாவிலுள்ள செஷன்ஸ் நீதிமன்றம். ஆவணங்கள் எல்லாம் மலாயில். ஒவ்வொரு பத்தியையும் வழக்கறிஞர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போன பிறகே கையெழுத்துப் போட்டேன், அப்படிக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். மருத்துவமனை முதலில், மருத்துவர் எங்கள் ஊழியர் அல்லர், தனியாகத் தொழில் செய்பவர் என்று கைகழுவப் பார்த்தது. தனியார் மருத்துவமனை தன் கூரையின் கீழ் நடக்கும் சிகிச்சைக்கான பொறுப்பைப் பிறர்மேல் தள்ளிவிட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது எங்களுக்குத் துணையாக நின்றது.

எதிர்வாதப் பத்திரம் வந்த நாளுக்கு யாராவது என்னைத் தயார் செய்திருக்க வேண்டும். இந்த வகை வழக்கில் எதிர்த்தரப்பின் முதல் பதில் எப்போதும் குடும்பத்தைக் காட்டியே வரும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தைய முயற்சியை வாதி வேண்டுமென்றே மறைத்தார். வீட்டில் கண்காணிக்கத் தவறினார். சம்பவ இரவில் வாதி தூங்கிக்கொண்டிருந்தார். ஆம், தூங்கினேன், மூன்று இரவு விழித்திருந்துவிட்டு அன்று தூங்கினேன். அந்த வரியை அலுவலக இடைவேளையில் கைப்பேசியில் படித்தேன், கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அவர்கள் கேட்டபடி என் வாட்ஸ்அப் செய்திகளையும் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் மருத்துவமனையில் இருந்தபோது, ‘இந்த மனுஷனோடு முடியலை’ என்று தங்கைக்கு நான் எழுதியது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கோப்பில் மஞ்சள் மையடித்து இருந்தது. எதையும் அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் அதைவிடக் கேடு. ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒருநாள் உரக்க வாசிக்கப்படலாம் என்பதை முதல் நாளே அறிந்திருங்கள். இறந்தவரின் செயலுக்கே ஒரு பங்குப் பொறுப்பு என்று சொல்லி இழப்பீட்டைக் குறைப்பதும் உண்டு. 1999இல் இங்கிலாந்தில் போலீஸ் காவலில் நடந்த மரணம் பற்றிய வழக்கில் அது பாதியாகக் குறைக்கப்பட்டது.

2018 பொய்யை என்ன செய்வது என்று வழக்கறிஞரோடு நெடுநேரம் பேசினோம். மறுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் ஒரேயடியாகத் தடுத்துவிட்டார். என் சாட்சிய வாக்குமூலத்தின் தொடக்கத்திலேயே, மறைத்தேன், அந்த 309ஆம் பிரிவுக்குப் பயந்து மறைத்தேன், ஆனால் நான்காம் நாள் இரவு மறைக்கவில்லை, நேரில் போய்ச் சொன்னேன் என்று எழுதினோம். எதிர்த்தரப்பின் கையிலிருந்த பெரிய ஆயுதத்தை நாமே மேசைமேல் எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். எனக்கோ அது வழக்கு உத்தியாகத் தோன்றவில்லை, மூச்சு விட்டது போல இருந்தது.

நவம்பரில் சமரசப் பேச்சு. இரண்டு தனித்தனி அறைகள், நடுவில் சமரசம் செய்பவர் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை நடந்துகொண்டே இருந்தார். மதியம் கொடுத்த மீ கோரெங் அப்படியே ஆறிப்போனது. மூன்று மணிக்குமேல் அந்த 9.40 மணிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் எதிர் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது எண் மாறியிருந்தது. ஒப்புக்கொண்டேன். தவறை ஏற்காமல் கொடுக்கும் தொகை என்பதும், எவ்வளவு என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்பதும் நிபந்தனை. நான் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். வழக்குக்காக என் கையிலிருந்து போனது, முதல் வழக்கறிஞரின் வீண் செலவையும் சேர்த்து, 61,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். பிள்ளைகளின் பங்கு அவர்கள் பெயரில் ஒதுக்கப்பட்டுவிட்டது. மாமியார் தம் கால் பங்கைப் பேத்தியின் பெயருக்கு எழுதிவிட்டார்.

அன்று நான் கேட்ட இன்னொன்று பணமல்ல. வீட்டுக்கு அனுப்பும் நாளில், கவனிக்க வேண்டிய அறிகுறிகளைக் குடும்பத்தாரின் மொழியில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது, ஒப்பந்தத்தில் அது இடம்பெறவில்லை. மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் கொடுப்பது தனி வழி. அங்கே இழப்பீடு கிடையாது, மருத்துவரின் நடத்தையை மட்டுமே விசாரிப்பார்கள். அதைச் செய்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன மாதம் கோயிலில் தெரிந்த ஒருவர் மூலம் கிள்ளானிலிருந்து ஒரு பெண் என்னை அழைத்தார். கணவர் அரசாங்க மருத்துவமனையிலிருந்து வந்த பத்தாம் நாள் போய்விட்டாராம். அழுதுகொண்டே தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிட்டு, “இறந்த தேதி என்ன, தங்கச்சி?” என்று கேட்டேன். சொன்னார். விரல்விட்டு எண்ணினேன், 36 மாதம் முடிய நான்கு மாதமும் சில நாள்களும் இருந்தன. பதிவுகளைக் கேட்டுக் கடிதம் எழுத எங்கள் வீட்டுக்கே சனிக்கிழமை காலை வரச் சொன்னேன்.